பால்காய்ச்சுப் பந்தியும் என் கையும்: கொஞ்சம் பேசணும்

தக்கலை மைனி | ஞாயிறு இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். இதை எழுதணுமா வேண்டாமான்னு மூணு நாளா யோசிச்சேன். எழுதிருதேன்.

போன மாசம் எங்க அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சு. சொந்தம், அக்கம்பக்கம் எல்லாம் சேர்த்து நூத்தி எழுபது இலை. சமையலுக்கு ஆளு வச்சிருந்தோம். ஆனா தேங்காய் திருவுறது, பச்சடி கலக்குறது, இலையில தொடுகறி விளம்புறது எல்லாம் வீட்டுப் பொம்பளைங்க நாங்கதான். மறுநாள் சாயங்காலம் ஒவ்வொரு வீடா போன் வர ஆரம்பிச்சுது. வாந்தி, வயித்தால போக்கு. ராத்திரி பத்து மணிக்குள்ள பதினாறு பேரு. எங்க சித்தப்பாவுக்கு எழுபத்திநாலு வயசு, அவங்களுக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தினாங்க. இப்போ எல்லாரும் சுகம்.

உடனே பேச்சு கிளம்பிச்சு. தயிர் பழசுன்னு சிலபேரு, கிணத்து வெள்ளம்தான்னு சிலபேரு. கடைசியில எல்லாரும் சமையல்காரர் தலையில கொண்டு வச்சாங்க. மீதிக் காசு குடுக்கப்படாதுன்னு அண்ணன் சொல்லியாச்சு.

நாலாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. கிணத்தைப் பார்த்தாங்க, பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னாங்க. போகும்போது வாசல்ல நின்னு ஒண்ணு கேட்டாங்க: "சமைச்சவங்க, விளம்பினவங்க யாருக்காவது முந்தியே வயிறு சரியில்லாம இருந்துதா? அவங்க பிள்ளைகளுக்கு?"

எனக்கு அப்படியே நெஞ்சு அடைச்சுப்போச்சு. எங்க சின்னவனுக்கு ஒன்றரை வயசு. முந்தின நாள்ல இருந்தே அவனுக்கு வயித்தால போய்க்கிட்டுதான் இருந்துது. பல்லு முளைக்குது, அதான்னு நினைச்சேன். அன்னைக்குப் பந்திக்கு அரைமணி முன்னாடி அவன் துணியை மாத்தினேன். கிணத்தடியில ஒரு கப்பு வெள்ளம் கோரி ரெண்டு கையிலயும் ஊத்திக்கிட்டேன். முந்தானையில துடைச்சேன். நேரா போய் வெள்ளரிக்காய் பச்சடியில கையை விட்டுப் பிசைஞ்சேன். கரண்டியில கலக்கினா உப்பு பிடிக்காதுன்னு எங்க அம்மை சொல்லிக் குடுத்த பழக்கம்.

சோப்பு குளிமுறியில இருந்துது. பத்தடி தூரம்.

பச்சடியை எடுத்து யாரும் சோதிக்கல, அதனால அதுதான் காரணம்னு ஆணையடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வீடு வீடா விசாரிச்சேன். பதினாறு பேரும் பச்சடி சாப்பிட்டவங்க. பச்சடியே தொடாத எங்க அத்தைக்கும் மாமாவுக்கும் ஒண்ணும் ஆகல. அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சமையல்காரர் வீட்டுக்கு நானே போய் மீதிக் காசைக் குடுத்து மன்னிப்பும் கேட்டுட்டு வந்தேன்.

அதுக்குப் பிறகு போற விசேஷ வீட்டுல எல்லாம் ஒரு காரியத்தைத்தான் பார்க்கேன். பந்தி முடிஞ்சு எழும்புறவங்களுக்கு வரிசையா குழாய், சோப்பு, துடைக்கத் துண்டு, எல்லாம் இருக்கு. பந்திக்கு உட்காரப் போறவங்களுக்கு ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சு, காசு வாங்கி, செருப்பைக் கழட்டி, அப்படியே வந்து இலை முன்னாடி உட்காருதோம். இலையில தெளிக்கிற வெள்ளத்துல இலைதான் கழுவுப்படுது. நம்ம ஊர்ல எல்லாரும் சாப்பிட்டுட்டுக் கை கழுவுதோம். கழுவிட்டுச் சாப்பிடுறவங்க எத்தனை பேரு?

உங்க வீட்டுல, வேலை செய்யுற இடத்துல எல்லாம் எப்படி? சொல்லுங்க.

---

வெட்டுக்காரன், குலசேகரம் | ஞாயிறு இரவு 10.05

அக்கா, இதை வெளியில சொன்னதே பெரிய காரியம். சித்தப்பா சுகமானது சந்தோஷம்.

நான் ரப்பர் வெட்டுக்குப் போறவன். வெளுப்புக்கு முன்னாடியே தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு ஏறிருவோம். முந்தின நாள் வெட்டுல காய்ஞ்சு ஒட்டியிருக்க ஒட்டுபாலை இழுத்து எடுத்துட்டுதான் வெட்டணும். ஏழு மணி ஆகும்போ கை பூரா பால் காய்ஞ்சு ஒரு தோலு மாதிரி ஆயிருக்கும். ரெண்டு கையையும் சேர்த்து உரசினா உருண்டு உருண்டு வந்துரும். அதை உரிச்சு எடுத்தா உள்ள கை வெள்ளையா, பிள்ளைக்க கை மாதிரி இருக்கும். அதனால எங்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு, பாலோட அழுக்கும் போச்சு, இனி கை சுத்தம்னு. அப்படியே பொதிச்சோறைப் பிரிப்போம்.

நம்ம தோட்டத்துல கக்கூஸ் கிடையாது. ஓடைப்பக்கம் ஒதுங்கிட்டு ஓடை வெள்ளத்துலேயே கையை நனைச்சுட்டு வருவோம். பன்னி, மாடு எல்லாம் இறங்குற வெள்ளம் அது. மழைக்காலம் ஆனா எங்க கூட்டத்துல ரெண்டு பேருக்காவது வயிறு கேடாயிரும். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது.

போன வருஷம் இருந்து நான் ஒண்ணு செய்யுதேன். ரெண்டு லிட்டர் குப்பி, மூடியில ஆணியைச் சூடாக்கி நாலு ஓட்டை. பழைய நெட்டுப் பையில ஒரு சோப்புத் துண்டைக் கட்டி அதே மரத்துல தொங்கவிட்டிருவேன். குப்பியைத் தலைகீழா மரத்துல கட்டி, மூடியை லேசா திருகினா நூலு மாதிரி விழும். ஒரு ஆளு கழுவ ஒரு டம்ளர் வெள்ளம் போதும். இப்போ பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் அந்த மரத்துக்குத்தான் வாறாங்க.

---

பழையாத்தங்கரை | ஞாயிறு இரவு 10.40

குறை சொல்ல வரல, மைனி. உங்க மனசு தெரியுது. ஆனா ஒரு கேள்வி. எங்க பாட்டா காலத்துல சோப்பு ஏது? வாசல்ல கிண்டியில, அதான் மூக்கு வச்ச செம்புல, வெள்ளம் இருக்கும். வெளியில போய்ட்டு வாறவங்க காலும் கையும் கழுவிட்டுத்தான் படி ஏறணும். பாத்திரத்துக்கும் கைக்கும் அடுப்புச் சாம்பல். பல்லுக்கு உமிக்கரி. பாட்டா தொண்ணூத்தொண்ணு வரைக்கும் இருந்தாரு. இப்போ எதுக்கெடுத்தாலும் சோப்பு, லிக்விட், சானிடைசர்னு பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கோம். மண்ணுல விளையாடாத பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி எப்படி வரும்?

---

ஓய்வுபெற்ற நர்ஸ் | திங்கள் காலை 6.15

முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டிலும் கிராமத்திலும் வேலை பார்த்தவள் நான். விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தக்கலைத் தங்கச்சிக்கு. நீங்கள் சொல்லும் கணக்கு, அதாவது சாப்பிட்டு ஒரு நாள் கழித்து ஒரே நேரத்தில் பலருக்கு வாந்தியும் பேதியும் வந்து ரெண்டு மூணு நாளில் அடங்குவது, நோரோ வைரஸ் போன்றவற்றின் நடை. உடலுக்குள் போய் 12 முதல் 48 மணி நேரத்தில் ஆளைப் படுக்கவைக்கும். மிகக் கொஞ்சம் கிருமி போதும். கண்ணுக்குத் தெரியாத அளவு மலம் நகக்கண்ணில் இருந்தாலே ஒரு பந்திக்கே போதும். சோதிக்காமல் நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கிருமியாக இருந்தாலும் வழி ஒன்றுதான்: பிள்ளையின் துணியிலிருந்து கைக்கு, கையிலிருந்து பச்சடிக்கு. எரிசேரியும் சாம்பாரும் கொதித்தவை. பச்சடி கொதிக்காதது. அதனால்தான் உங்கள் விசாரிப்பில் பச்சடி தனியாக நிற்கிறது.

இன்னொன்று. வயிறு சரியாகிவிட்டது என்று மறுநாளே அடுப்படிக்குப் போகக்கூடாது. வாந்தியும் பேதியும் நின்று முழுசாக ரெண்டு நாள் ஆகும்வரை மற்றவர்களுக்குச் சமைக்கக்கூடாது. அதற்குப் பிறகும் ரெண்டு வாரம்வரை மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கலாம். பிள்ளைக்குத் துணி மாற்றுகிறவர் அந்த நாட்களில் பச்சடி, சம்மந்தி, பழம் நறுக்குவது இவற்றுக்குப் போகாமல் வேறு வேலை பார்க்கலாம்.

பழையாத்தங்கரைத் தம்பிக்கு. கிண்டி நல்ல பழக்கம், அதை நான் கும்பிடுகிறேன். வீட்டுக்குள் நுழையுமுன் கழுவ வேண்டும் என்ற ஒழுங்கு அதில் இருந்தது. சாம்பலும் வெறும் வெள்ளத்தைவிட மேல்தான். காரம் உண்டு, உரசல் உண்டு. சோப்பே இல்லாத இடத்தில் சாம்பலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் சோப்பு செய்வது வேறு வேலை. சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். நம் கையில் எப்போதும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது, கிருமி அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீர் அதன்மேல் வழுக்கிப் போய்விடும். சோப்பு அந்த எண்ணெயைக் கிருமியோடு பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பும். கொரோனா, இன்புளுவென்சா போன்றவற்றுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. சோப்பு அந்த உறையையே பிய்த்துவிடும். நோரோவுக்கும் மஞ்சள்காமாலை 'ஏ' வைரஸுக்கும் அந்த உறை கிடையாது. சோப்பு அவற்றைக் கொல்லாது, உரசிப் பெயர்த்து வெளியேற்றும். அதனால்தான் இவற்றுக்கு நேரமும் உரசலும் முக்கியம். சானிடைசர் இவற்றிடம் அவ்வளவாகப் பலிக்காது.

எதிர்ப்புச் சக்தி பற்றிக் கேட்டீர்கள். பிள்ளை மண்ணில் விளையாடட்டும், வயலில் இறங்கட்டும், ஆடு மாட்டைத் தொடட்டும். யாரும் தடுக்கவில்லை. சாப்பிடுமுன் சோப்பு, அவ்வளவுதான். இன்னொருவர் மலத்திலிருந்து வரும் கிருமியால் பிள்ளைக்குப் பலம் வராது. அடிக்கடி பேதியாகும் பிள்ளை எடை ஏறாமல், வளராமல் நின்றுபோவதை நான் தராசில் நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

அம்மாக்கள் கூட்டத்தில் நான் ஒரு காரியம் செய்வேன். தேங்காய் எண்ணெயில் மஞ்சள்பொடி குழைத்து ஒருத்தி கையில் பூசுவேன். கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போலச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வேன். கண்ணைத் திறந்தால் உள்ளங்கை பளிச்சென்று இருக்கும். பெருவிரல் அடி மஞ்சள். விரல் நுனி மஞ்சள். விரல் இடுக்கு, நகத்தைச் சுற்றி, மோதிரத்துக்கு அடியில் மஞ்சள். யார் வந்தாலும் அதே இடங்கள்தான். உணவைத் தொடுவது உள்ளங்கை அல்ல, விரல் நுனியும் பெருவிரலும்தான். அந்த இடம்தான் விட்டுப்போகிறது.

ஆகையால் கையை நனைத்து, சோப்பு தேய்த்து, குழாயை மூடிவிட்டு (தண்ணீர் வீணாக வேண்டாம்) உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, பெருவிரலைப் பிடித்துத் திருகி, கடைசியில் விரல் நுனிகளை மறு உள்ளங்கையில் குத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்க மட்டும் 20 விநாடி. நனைப்பது முதல் துடைப்பதுவரை 40 முதல் 60 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெந்நீர் தேவையில்லை, பச்சைத் தண்ணீர் போதும். ஈரக்கையில் கிருமி எளிதாக ஏறும், இறங்கும். ஆகவே துடைக்க வேண்டும். முந்தானையிலும் வேட்டி முனையிலும் துடைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். சுத்தமான துண்டு இல்லையென்றால் காற்றில் உலரவிடுங்கள்.

---

துபாயில் ஒரு மார்த்தாண்டம் | திங்கள் காலை 8.30

நர்ஸ் அம்மா, அருமை. ஒரு சந்தேகம். கிருமியைக் கொல்லும்னு விளம்பரம் செய்யுற சோப்புதான் வாங்கணுமா? ஊர்ல அம்மை விலை கூடினதையே வாங்கிக்கிட்டு, அது தேய்ஞ்சுருமோன்னு பொத்தி வைக்கிறாங்க.

---

ஓய்வுபெற்ற நர்ஸ் | திங்கள் காலை 9.10

வேண்டாம் தம்பி. கராச்சியின் குடிசைப் பகுதிகளில் செய்து 2005-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சில வீடுகளுக்குச் சாதா சோப்பு, சில வீடுகளுக்குக் கிருமிநாசினி சோப்பு கொடுத்து, வாரந்தோறும் போய்க் கழுவும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நிமோனியாவும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ரெண்டு சோப்புக்கும் பலன் ஒன்றுதான். சோப்புகளில் கலந்துவந்த டிரைக்ளோசான் என்ற மருந்தை அமெரிக்காவில் 2016-ல் வீட்டுச் சோப்புகளில் தடையே செய்துவிட்டார்கள், சாதா சோப்பைவிட மேல் என்று கம்பெனிகள் நிரூபிக்கவில்லை என்பதால்.

நிமோனியா என்றதைக் கவனியுங்கள். கை கழுவுவது வயிற்றுக்கு மட்டும் இல்லை. சளிபிடித்தவர் மூக்கைத் துடைத்த கை கதவுப்பிடிக்குப் போகும், அங்கிருந்து நம் கைக்கு, நம் கை நம் கண்ணுக்கும் மூக்குக்கும் போகும். செங்கண்ணும் அப்படித்தான் வீடு முழுக்கப் பரவுகிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள், விலை குறைந்த சோப்பு நாலு வாங்கி வீட்டில் நாலு இடத்தில் வைக்கட்டும்.

---

தூத்தூர் பக்கம் | திங்கள் மதியம் 1.50

சோப்பு எங்கேயும் நுரைக்கும்னு நினைச்சு எழுதுதீங்க. கடற்கரை விசயத்தையும் கேளுங்க.

எங்க வீட்டுக்காரர் தங்கல் போறவர். போனா இருபது நாள், முப்பது நாள் கழிச்சுதான் கரை. போட்டுல ஏத்துற நல்ல வெள்ளம் குடிக்கவும் சோறு வைக்கவும்தான். குளியல், கழுவல் எல்லாம் கடல் வெள்ளத்துல. உப்பு வெள்ளத்துல சோப்பு நுரைக்காது, கையில மெழுகு மாதிரி பிசுபிசுன்னு ஒட்டும். அதனால கழுவுறதையே விட்டிருவாங்க. மீன் குடலை எடுத்த கை, ஐஸ் வெட்டின கை, டீசல் கை, அதே கையில சோறு. ஒருத்தனுக்கு வயித்தால போச்சுன்னா அந்தச் சின்ன இடத்துல பத்து பேருக்கும் வரும். நடுக்கடல்ல எந்த ஆஸ்பத்திரிக்குப் போக?

கொரோனா சமயம் யாரோ பெட்டி பெட்டியா சானிடைசர் குடுத்தாங்க. மீன் பிசுக்குக் கையில அதைத் தேய்ச்சா அழுக்கு குழைஞ்சு இன்னும் பரவிச்சு.

இப்போ இவரு பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு குப்பி கொண்டு போறாரு. அது உப்பு வெள்ளத்துலயும் நுரைக்குது. முதல்ல கடல் வெள்ளத்துல லிக்விட் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, கடைசியா ஒரு கோப்பை நல்ல வெள்ளம். சமையல் செய்யுற பையனுக்கு மட்டும் தினம் அரை குடம் நல்ல வெள்ளம் தனியா ஒதுக்கியிருக்காங்க. அதை வேற யாரும் தொடப்படாதுன்னு போட்டை ஓட்டுற ஸ்ராங்கு உத்தரவு.

---

ஓய்வுபெற்ற நர்ஸ் | திங்கள் மதியம் 2.20

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் செய்வது முற்றிலும் சரி. கடல்நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து அந்தப் பிசுபிசுப்பாக மாறிவிடும், சோப்பு வேலை செய்யாது. பாத்திர லிக்விட் வேறு வகைப் பொருள், உப்பில் கெடாது. கை வறண்டால் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள், வெடித்த தோலில் கிருமி தங்கும்.

சானிடைசர் பற்றிச் சொன்னதும் சரி. 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் இருக்க வேண்டும், கை பார்வைக்குச் சுத்தமாக இருக்க வேண்டும், அப்போதுதான் பலிக்கும். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் நல்லது. மீன் கைக்கும் பிள்ளையின் துணி மாற்றிய கைக்கும் அது ஆகாது.

---

வடசேரி ஓட்டல்காரன் | திங்கள் இரவு 11.35

கடையை அடைச்சுட்டு இப்போதான் படிச்சேன். என் பக்கத்தையும் சொல்லிருதேன்.

புரோட்டா அடிக்கிற பையனுக்கு கையுறை வாங்கிக் குடுத்தேன். வாடிக்கையாளருக்கு அதைப் பார்த்ததும் நிம்மதி. ரெண்டாம் நாள் நின்னு கவனிச்சேன். அதே கையுறையோட மூக்கைச் சொறியுதான், காசு வாங்குதான், போனை எடுத்துப் பேசுதான், திரும்ப மாவைப் பிடிக்கான். வெறும் கைன்னா பிசுபிசுக்கும்போது கழுவணும்னு தோணும். கையுறை போட்டா அதுவும் தோணல. அதனால எடுத்துட்டேன். இப்போ கல்லாவுல உட்காருறவன் சாப்பாட்டைத் தொட மாட்டான், சாப்பாட்டைத் தொடுறவன் காசைத் தொட மாட்டான். அடுப்புப் பக்கத்துலேயே ஒரு குழாய் வச்சு, கக்கூஸ் போய்ட்டு வந்தா அங்க சோப்புப் போட்டுட்டுதான் மாவுன்னு சொல்லியிருக்கேன். உள்ள ஒரு தரம் கழுவினேன்னு சொன்னாலும் சரி, என் கண்ணு முன்னாடி இன்னொரு தரம்.

வாடிக்கையாளர் பேசின்ல எனக்குத் தீராத ஒரு சங்கடம். லிக்விட் வச்சா ஒரு நாள்ல காலி, பையனுங்க வெள்ளம் ஊத்தி ஊத்தி நீட்டிருவாங்க, கடைசியில வாசனை மட்டும்தான். கட்டி சோப்பு வச்சா, "எவன் எவனோ தொட்டது"ன்னு ஆளுங்க தொட மாட்டாங்க. கட்டி சோப்புல கிருமி ஒட்டுமா அம்மா?

---

ஓய்வுபெற்ற நர்ஸ் | செவ்வாய் காலை 6.00

சோப்பின் மேல் கொஞ்சம் கிருமி இருக்கலாம். தேய்த்துக் கழுவும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். அடுத்தவர் கைக்கு நோயாகப் போகாது, பயம் வேண்டாம். ஆனால் தண்ணீரில் ஊறிக் கூழாகக் கிடக்கக்கூடாது. ஓட்டை உள்ள டப்பாவில், அல்லது நம் வெட்டுக்காரத் தம்பி சொன்னதுபோல நெட்டுப் பையில் தொங்கட்டும். லிக்விடில் தண்ணீர் ஊற்றுவதுதான் மோசம், அதில் கிருமி வளரும்.

கையுறை பற்றி நீங்கள் கண்டுகொண்டது பல ஆஸ்பத்திரிகளுக்கே தெரிய நாளாகிற பாடம். 1847-ல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இருந்தார். அவர் வேலைபார்த்த ஆஸ்பத்திரியில் ரெண்டு பிரசவ வார்டு. டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த வார்டில் தாய்மார் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் அவ்வளவு இல்லை. டாக்டர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்று கண்டு, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் செத்துக்கொண்டிருந்த வார்டில் ஜூலையில் நூற்றுக்கு ஒருவர்தான். அப்படியும் பெரிய டாக்டர்கள் ஏற்கவில்லை. தங்கள் கை கொன்றது என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனசு வரவில்லை. அவர் 1865-ல் மனநோய் விடுதியில் இறந்தார்.

தக்கலைத் தங்கச்சி எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த டாக்டர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் சொல்லாததை இந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள்.

---

சத்துணவு டீச்சர் | செவ்வாய் மாலை 5.30

எங்க பள்ளிக்கூடத்துல மதியம் மணி அடிச்சதும் நூத்திப் பத்து பிள்ளைங்க தட்டோட ஓடும். குழாய் ரெண்டு. எல்லாரும் சோப்புப் போட்டுக் கழுவினா கடைசிப் பிள்ளைக்குச் சோறு கிடைக்க அரை மணி ஆகும், பசியில நிக்காது. தட்டைத்தான் கழுவும், கை தானா நனைஞ்சா உண்டு. அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள்னு வருஷம் ஒருக்க போட்டோ எடுத்து அனுப்புவோம். மறுநாள் சோப்பு இருக்காது.

நாங்க ரெண்டு டீச்சருமா சேர்ந்து, பத்தடி பிவிசி பைப்புல வரிசையா ஓட்டை போட்டு, ஒரு முனையை அடைச்சு, மறுமுனையைக் குழாயில மாட்டிட்டோம். ஒரே நேரம் பன்னிரண்டு பிள்ளை நிக்கலாம். பழைய சோப்பு மிச்சத்தையெல்லாம் சீவி, வெள்ளத்துல கரைச்சு, குப்பியில ஊத்தி, நாலாங்கிளாஸ் பிள்ளை ஒருத்தி வரிசையா ஒவ்வொரு கையிலயும் ஊத்திட்டுப் போவா. பழைய வெள்ளம் கெட்டிரும்னு அன்னன்னைக்கு உள்ளதை அன்னைக்கே கரைக்கோம். பத்து நிமிஷத்துல முடியுது. செலவு முந்நூறு ரூபாய்க்குள்ள.

நகத்துக்குத் திங்கக்கிழமை. ராத்திரி கீரிப்பூச்சி அரிப்புல சொறிஞ்ச கை, நகத்துக்குள்ள முட்டை, காலையில விரலை வாயில வச்சா திரும்ப வயித்துக்குள்ள. நகவெட்டி என் மேசையிலேயே இருக்கும்.

---

பழையாத்தங்கரை | புதன் காலை 7.45

நேத்து ராத்திரி அம்மைக்கிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். அம்மைக்கு எண்பத்திமூணு. பாட்டா தொண்ணூத்தொண்ணு இருந்தாருன்னு நான் எழுதினதைக் கேட்டுட்டு அம்மை கேட்டா, "மத்தவங்களை எழுதலியா?"

எனக்குத் தெரியாது. பாட்டி பெத்தது பதினொண்ணாம். நான் கண்டது அஞ்சு பேரைத்தான். மிச்ச ஆறுல மூணு பிள்ளைங்க ஒரே மழைக்காலத்துல, ஒரே வாரத்துல பேதியில போச்சாம். பேரு எல்லாம் அம்மைக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு, ஒவ்வொண்ணா சொன்னா. நெய்யூர்ல மிஷன் ஆஸ்பத்திரி 1838-லேயே வந்தாச்சு, ஆனா அந்த மழையில ஆத்தைக் கடந்து கொண்டு போக வழியில்லயாம். பேதி நிக்கணும்னு வெள்ளமே குடுக்காம போட்டிருந்தாங்களாம்.

பாட்டா ஒருத்தரை மட்டும் பார்த்துட்டுப் பேசிட்டேன். கிண்டி இப்பவும் வாசல்ல இருக்கு. இன்னைக்குக் காலையில பக்கத்துல சோப்பு வச்சேன்.

---

ஓய்வுபெற்ற நர்ஸ் | புதன் காலை 8.20

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி.

பேதிக்கு வெள்ளமே கொடுக்காமல் போட்டிருந்தார்கள் என்ற வரிக்காக ஒன்று: பேதி ஆகும் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தவே கூடாது. ஓஆர்எஸ் பொட்டலம் அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். அது வரும்வரை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரை சிறுகரண்டி உப்பு. மடக்கு மடக்காகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது. கண் குழிந்தால், பிள்ளை துவண்டால், மூத்திரம் போகாவிட்டால் நேராக ஆஸ்பத்திரி.

---

தக்கலை மைனி | ஞாயிறு இரவு 8.10

ஒரு வாரமா இதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். எல்லாருக்கும் நன்றி.

இன்னைக்கு எங்க மாமா பேத்திக்குப் பேரு விடுற சடங்கு, தொண்ணூறு இலை. நான் முந்தியே போய்ச் சொல்லிட்டேன், பந்தல் வாசல்ல ஒரு காரியம் வைக்கப்போறேன்னு. நூறு லிட்டர் நீல டிரம், கீழ ஒரு குழாய், ரெண்டு செங்கல் அடுக்கு மேல. குழாய்ப் பக்கத்துல கயித்துல நாலு நெட்டுப் பை, நாலு சோப்பு. கீழ சரல் போட்டு வாழை மூட்டுக்குச் சாலு வெட்டி விட்டேன், சகதி ஆகாம இருக்க. துண்டு வைக்கல.

முதல்ல யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. பெரியவங்க ரெண்டு பேரு முகத்தைச் சுளிச்சாங்க, வந்த ஆளுகளை அழுக்குன்னு சொல்லுத மாதிரி இருக்குன்னு. அது எனக்கும் உறைச்சுது. அப்போ சித்தப்பா வந்தாங்க, டிரிப்ஸ் ஏறின அதே சித்தப்பா. கம்பை டிரம்முல சாய்ச்சு வச்சுட்டு, சட்டைக் கையை மடக்கி, பெருவிரலைத் திருகித் திருகித் தேய்ச்சாங்க. நர்ஸ் அம்மா சொன்ன அதே மாதிரி, நான் சொல்லிக் குடுத்திருந்தேன். பெரியவர் நிக்கதைப் பார்த்து பின்னால ஆளு நின்னுது. அப்புறம் பிள்ளைங்க. பந்தி முடியும்போ டிரம் ரெண்டு தரம் நிறைச்சாச்சு.

பச்சடியை எங்க மைனிதான் கலக்கினாங்க, கரண்டியால. நான் இலை மட்டும் போட்டேன்.

---

வெட்டுக்காரன், குலசேகரம் | ஞாயிறு இரவு 8.45

அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை எங்க அத்தைக்குப் பதினாறு. நூத்தைம்பது பேரு வருவாங்க. அந்த டிரம் ஒழிவா இருக்குமா? வியாழக்கிழமை டெம்போ தக்கலை வழி வருது.

---

தக்கலை மைனி | ஞாயிறு இரவு 8.50

எடுத்துக்கிடுங்க தம்பி. குழாய் லேசா ஒழுகுது, வாசர் மாத்தி வைக்கேன். நெட்டுப் பை நாலும் உள்ளேயே கிடக்கும், சோப்பும் போட்டு வைக்கேன்.